வலிக்காத நோய்களும் நம் வகுப்பறையும்

(ஆம்பூர் வட்டார ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளை எவ்வளவு கடினமானது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு கணக்கோடு தொடங்குகிறேன்.

உங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இருபது பேர் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் 1,13,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன்படி 20 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம், 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், 15.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயின் முன்நிலை. நாட்டளவில் சொன்னால் முறையே 31.5 கோடி, 10.1 கோடி, 13.6 கோடி பேர். உங்கள் அறைக்குச் சுருக்கினால், இருபதில் ஏழு பேருக்கு அழுத்தம், இருவருக்குச் சர்க்கரை, மூவர் சர்க்கரையின் வாசற்படியில்.

எந்த ஏழு பேர்? முகத்தைப் பார்த்தால் தெரியாது. அந்த ஏழு பேரில் சிலருக்கே தெரியாது. இதுதான் இன்று நான் பேச வந்த விஷயம். பல்வலி வந்தால் அன்றே மருத்துவரைத் தேடுகிறோம். அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் வலிப்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் சத்தமில்லாமல் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் கையையும் காலையும் பேச்சையும் பறித்துக்கொள்கின்றன. பக்கவாதம் என்று அன்றைக்குத்தான் பெயர் வைக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வயது 41. ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் வேலை. முந்தைய நாள் அதிகாலை, கம்பெனி பேருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில் காபி ஆற்றும்போது வலது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்திருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. பக்கத்து வீட்டார் “காத்து பட்டிருக்கு” என்று சொல்லி எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் பிற்பகல் எங்களிடம் வந்தபோது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சு வரவில்லை.

அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முகாமில் தெரிந்திருக்கிறது. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டார். தலைவலி நின்றது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நாங்கள் பார்த்தபோது அழுத்தம் 210/120.

கூட வந்தது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். “அம்மாவுக்கு பிரஷர் எவ்வளவு இருக்கும்னு உனக்குத் தெரியுமாம்மா?” என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்னாள்: “நார்மல் 120/80ன்னு தெரியும் சார். எங்கம்மாவுக்கு எவ்ளோன்னு தெரியல.”

அந்தப் பதிலை என்னால் மறக்க முடியவில்லை. பாடம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது தேர்வுத்தாளோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் போகவில்லை. அடுத்த வாரமே அவள் பள்ளிக்கு வருவது நின்றது. அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க, கழிவறைக்கு அழைத்துச் செல்ல, தம்பிக்குச் சமைக்க வேறு ஆள் இல்லை. உங்கள் வருகைப் பதிவேட்டில் “நீண்ட விடுப்பு” என்று எழுதப்படும் பெயர்களில் சிலவற்றின் பின்னால் இப்படி ஒரு படுக்கை இருக்கிறது.

உள்ளே என்ன நடந்தது?

வளர்சிதை மாற்றம் என்ற சொல் அறிவியல் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. உணவை ஆற்றலாக மாற்றி, மீதியைச் சேமித்து, கழிவை அகற்றும் ஏற்பாடு. அது தடம் மாறும்போது நான்கு விஷயங்கள் கூடிக்கொண்டு வருகின்றன: இரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, இடுப்பு பெருக்கிறது. நான்கும் நான்கு நோய்கள் போலத் தெரியும். ஆனால் இவை தனித்தனியே வருவது குறைவு. ஒன்று வந்தால் மற்றவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.

நான்கும் போய்த் தாக்கும் இடம் ஒன்றே: இரத்தக் குழாயின் உட்சுவர். சர்க்கரை அதன் வழவழப்பைக் கெடுக்கிறது. கெட்ட உட்சுவரில் கொழுப்பு படிகிறது. அழுத்தம் ஒவ்வொரு துடிப்பிலும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை, அந்த இடத்தை அடிக்கிறது. மூளையின் ஆழத்துக்குச் செல்லும் தமனிகள் முடியைப் போல மெல்லியவை. அவை அடைபட்டால் ஒரு வகைப் பக்கவாதம், வெடித்துக் கசிந்தால் இன்னொரு வகை.

பக்கவாதத்தின் காரணங்களை 32 நாடுகளில், இந்தியாவையும் சேர்த்து, ஏறத்தாழ 27,000 பேரிடம் ஆராய்ந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு 2016-ல் வெளியானது. இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, இரத்தக் கொழுப்பு, உணவு, இடுப்புச் சுற்றளவு, மன அழுத்தம், புகை, இதய நோய், மது, சர்க்கரை ஆகிய பத்துக் காரணங்களே பக்கவாதச் சுமையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குப் பொறுப்பு என்று அது காட்டியது. அதில் இரத்த அழுத்தத்தின் பங்கு மட்டும் பாதிக்கு அருகில். பத்தும் மாற்றக்கூடியவை அல்லது கட்டுப்படுத்தக்கூடியவை. பக்கவாதத்தைத் தலைவிதி என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

உப்பைப் பற்றி இந்த ஊரில் பேசுவது எளிது. தோல் வரும் லாரியைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் மேல் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு தோலிலிருக்கும் நீரைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. உப்பு இருக்கும் இடத்துக்கு நீர் போகும் என்ற அதே விதிதான் நம் உடம்பிலும். நாம் கூடுதலாகச் சாப்பிடும் உப்பு இரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கிறது. குழாய் அதேதான், உள்ளே ஓடும் திரவம் கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத்தான் உப்பு சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பேக்கரித் தின்பண்டம் எல்லாம் அந்த ஒரு தேக்கரண்டிக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

பிரியாணி ஊரில் வந்து பிரியாணியைக் குறை சொன்னால் வெளியே விடமாட்டீர்கள் என்று தெரியும். விசேஷத்துக்குச் சாப்பிடும் பிரியாணி என் கவலையில்லை. தினமும் மாலையில் டீயோடு இறங்கும் போண்டாவும் பன்னும்தான் கவலை. எட்டு மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் அசையாமல் உட்கார்ந்து, ஜோடிக் கணக்கை முடிக்கும் பதற்றத்தோடு வேலை பார்க்கும் உடம்புக்கு அந்த எண்ணெயும் மாவும் செலவாக வழியில்லை.

நம் பகுதியே சொன்ன பாடம்

இந்தியாவின் முதல் நரம்பியல், நரம்பறுவைத் துறையை மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில். இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அந்தக் கல்லூரி நமக்குச் சிகிச்சை மட்டும் தரவில்லை. நம் மக்களைத் தலைமுறை கடந்து கவனித்து இரண்டு முக்கியமான உண்மைகளையும் தந்திருக்கிறது.

முதலாவது, வேலூர் நகரத்திலும் கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களிலும் 1991–94லும், பிறகு 2010–12லும் நடந்த கணக்கெடுப்புகள். இரண்டு பத்தாண்டு இடைவெளியில் சர்க்கரை நோயும் உடற்பருமனும் நகரம், கிராமம் இரண்டிலும் கூடின. கிராமத்தில் கூடிய வேகம் அதிகம். “சர்க்கரை பட்டணத்து வியாதி” என்ற பேச்சு அதோடு முடிந்துவிட்டது. காலை இருட்டில் கிராமங்களுக்குக் கம்பெனி பேருந்து வந்து நிற்கும் நம் பகுதியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பு நாற்காலிக்கு வந்துவிட்டது. தட்டில் சோற்றின் அளவு குறையவில்லை.

இரண்டாவது உண்மைக்கும் பள்ளிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பிறந்தபோதும், குழந்தைப் பருவத்திலும், வளரிளம் பருவத்திலும் அளந்து குறித்து வைத்தார்கள். அவர்களில் 2,218 பேரை, ஏறத்தாழ 28 வயதானபோது மீண்டும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். அந்த இளம் வயதிலேயே கணிசமானவர்களுக்குச் சர்க்கரை கட்டுப்பாடு குலைந்திருந்தது. யாருக்கு அதிகம்? குழந்தையாகவும் வளரிளம் பருவத்திலும் மெலிந்திருந்து, அதற்குப் பிறகு வேகமாக எடை கூடியவர்களுக்கு.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நம் வகுப்பில் குண்டாக இருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் நமக்குக் கவலை. பின்பெஞ்சில் ஒல்லியாக உட்கார்ந்திருக்கும் பையன் பிளஸ் டூ முடித்து, வேலைக்குப் போய், கையில் சம்பளம் வந்து, உட்கார்ந்தே வேலை பார்த்து, ஐந்தாண்டில் பதினைந்து கிலோ கூடினால் அவனும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறான். பற்றாக்குறையில் வளர்ந்த உடம்பு சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று மிகுதி வந்தால் அதைக் கையாளத் தெரியாமல் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. இந்தியர்களுக்கு இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாது என்றும், பி.எம்.ஐ. 23 ஆனாலே கவனம் தேவை என்றும் மேலை நாடுகளைவிடக் குறைவான எல்லை வைத்திருப்பது இதனால்தான்.

1969 முதல் 1973 வரை பிறந்தவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருப்பீர்கள். நீங்கள் அந்த ஆய்வில் அளக்கப்பட்டவராக இல்லாமல் இருக்கலாம். அந்தத் தலைமுறைதான் நீங்கள்.

இப்படிப் பார்த்தால் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எங்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும், சத்துணவு முட்டையும் பசியாற்றுவதோடு நிற்கவில்லை. ஆறு வயதில் மெலியாமல் வளரும் பிள்ளைக்கு அவை ஐம்பது வயதுக்கான காப்பும் கூட. வரிசையில் நின்று அந்தத் தட்டை மேற்பார்வையிடும் ஆசிரியர், தமக்குத் தெரியாமலே ஒரு தடுப்பு மருத்துவர்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

உங்களுக்கு ஏற்கெனவே எத்தனை பதிவேடுகள் என்று எனக்குத் தெரியும். இன்னொன்றைக் கூட்ட வரவில்லை. நான்கு வேண்டுகோள்கள் மட்டும்.

முதலாவது, உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள். கணக்கு ஆசிரியர்கள் சிரிக்கிறீர்கள். அறிவியல் ஆசிரியர்களும் சேர்த்துத்தான். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் மைதானத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். நாளைக்குத் தையல் இயந்திரத்தின் முன் உட்காரப் போகிறவர்களில் பலர் அவர்கள்தான். ஓடிப் பழகிய உடம்புதான் பிறகும் நடக்கும்.

இரண்டாவது, இரத்த ஓட்டப் பாடத்தை நடத்தும் நாளில் ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். வீட்டிலிருக்கும் பெரியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நலவாழ்வு மையத்துக்கோ அழைத்துப்போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு வர வேண்டும். எண்களை வகுப்பில் வாங்காதீர்கள், படிக்கவும் சொல்லாதீர்கள். அது அந்த வீட்டின் சொந்த விஷயம். “பார்த்தாயிற்று” என்ற ஒரு சொல் போதும். 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் உயர் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் மீண்டும் வந்தால் சர்க்கரை நோய் என்பதைப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, மாத்திரையைப் பற்றி ஒரு வாக்கியம்: “நன்றாக இருப்பதால் நிறுத்தக் கூடாது, மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக இருக்கிறோம்.” 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் பெண் சுகாதாரத் தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் நம் பகுதித் தாய்மார்கள் கம்பெனியில் இருக்கிறார்கள். வீட்டிலிருக்கும் பாட்டியிடம் மாத்திரையை வாங்கி வைத்து, அம்மாவிடம் கொடுத்து, சாப்பிட்டாரா என்று கேட்க ஒரு பிள்ளையால் முடியும்.

நான்காவது, எடை பார்க்கும் நாளில் எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். “குண்டு” என்றும் “ஓமக்குச்சி” என்றும் பட்டப்பெயர் வாங்கிய பிள்ளை உடம்பைப் பற்றிக் கற்றுக்கொள்வது வெட்கத்தை மட்டுமே. சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் தனியாகச் சொல்லுங்கள்.

அந்த நேரம் வந்தால்

இத்தனைக்குப் பிறகும் பக்கவாதம் வரலாம். பள்ளி வளாகத்திலேயே, உங்கள் சக ஆசிரியருக்கே வரலாம். அப்போது மூன்று சோதனைகள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்கிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. முகம், கை, பேச்சு, நேரம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இந்த நான்கு சொற்களைக் கற்றுக்கொடுக்க முடியும்.

பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து அது கசிவு அல்ல என்று உறுதி செய்ய வேண்டும். அதனால் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தண்ணீரோ காபியோ கொடுக்காதீர்கள், புரையேறும். எண்ணெய் தேய்க்காதீர்கள். நீங்களாக அழுத்த மாத்திரை கொடுக்காதீர்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் வீட்டுக்குப் போகவிடாதீர்கள். அது பெரிய தாக்குதலுக்கு முன் வரும் எச்சரிக்கை.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மூன்று வாரம் கழித்து அவளுடைய தலைமையாசிரியை வீடு தேடிப் போனார். பகலில் தாயைப் பார்த்துக்கொள்ள ஒரு சித்தியை ஏற்பாடு செய்து, பிள்ளையைக் கையோடு அழைத்து வந்தார். இன்று அந்தத் தாய் கைத்தடி ஊன்றி நடக்கிறார். பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. கம்பெனி வேலைக்கு இனி போக முடியாது. மாதா மாதம் மாத்திரை வாங்க மகள்தான் வருகிறாள். சென்ற முறை வந்தபோது நான் கேட்காமலே சொன்னாள்: “அம்மாவுக்கு 132/84 சார்.”

எண்ணெய் தேய்த்த அந்த ஒரு நாளையும், மாத்திரை நின்ற அந்த இரண்டு ஆண்டுகளையும் அவளால் திருப்பி வாங்க முடியாது. உங்கள் வகுப்பிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அரங்கின் பின்பக்கம் இரண்டு செவிலியர்கள் இரத்த அழுத்தக் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீர் குடித்துவிட்டு அரை மணி நேரத்துக்குள் பார்த்தால் எண் கூடுதலாகக் காட்டும். எனவே முதலில் அங்கே போய், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, உங்கள் எண்ணைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு தேநீர் அருந்துங்கள். நாளைக்குப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கப் போகிறவர்கள் இன்றைக்கே தங்கள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட வேண்டும்.